சாம்பிள் மூங்கில்

“எங்க வீட்டுல படிச்ச முதல் பொண்ணு நீ, சரி. அதுக்காக மாடி அறையை மூங்கில்லயா கட்டச் சொல்லுவ?” என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார்.

போன வாரம், எங்கள் அந்தமானில் லாங் ஐலண்ட் தீவுக்குப் போகும் படகுக்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் ஒரு கான்ட்ராக்டரும். அவர்கள் காலடியில், படகில் ஏற்றவேண்டிய மூங்கில் கட்டுகள்.

“வண்டு அரிக்காம பக்கா மருந்துல ஊறின மூங்கில், அக்கா. சிமென்ட் மாதிரி மெயின்லேண்ட் கப்பலுக்குக் காத்திருக்க வேணாம். வீடு ஃபேன் போடாமலே ஜில்லுனு இருக்கும்.”

“எத்தனை நாள் ஊறிச்சு தம்பி?”

“பூரா ஊறிச்சு அக்கா.”

“தொட்டியைப் பார்க்கலாமா?”

“அது திக்லிபூர்ல இருக்கு.”

அந்த அம்மா பையிலிருந்து ஒரு மூங்கில் துண்டை எடுத்தார். “இது நீ குடுத்த சாம்பிள். மழை மாசம் பூரா உளுத்த விறகுக்குள்ள செருகி வச்சிருந்தேன்.” கையில் தட்டினார். மாவுபோல் தூள் கொட்டியது.

“அரே, அது சும்மா சாம்பிள்தானே!”

“சாம்பிளையே வண்டு தின்னுது. என் புள்ளைங்க தலைக்கு மேல எதைய்யா வைக்கப்போற?”

படகு ஊதியது. சுமைக்காரர் கட்டைத் தூக்கக் குனிந்தார்.

“மத் உட்டாவ் பாய், தூக்காதீங்க,” என்றார் அந்த அம்மா. “அது ஏறாது.”

எங்களுக்கு மூங்கில் தருவதாகச் சொன்னவரும் ஒரு துண்டு கொடுத்திருக்கிறார். அன்று மாலையே அதைக் கோழிக்கூண்டின் உளுத்த சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். தேதியை அதன்மேல் நானே எழுதியிருக்கிறேன்.