பதினெட்டுச் சொடுக்கு

நான் கம்ப்யூட்டரில் டாங்கி ஓட்டுவேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. லேபில் என்னோடு ரத்த மாதிரி எடுக்கும் அக்கா ஒருமுறை கேட்டுவிட்டுச் சிரித்தே விட்டார். "நீயா? லிஃப்ட்ல பட்டன் அமுக்கவே யாராச்சும் வரட்டும்னு நிப்பியே" என்றார். அது உண்மைதான். எனக்குக் கோபம் வரவில்லை.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். டாங்கியிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும். இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். நிறுத்தினால் மறுபடி வாய் திறக்க எனக்கு நேரமாகும்.

அது சோவியத் காலத்துக் கனரக டாங்கி. அதற்கு முந்தைய வகை மிகவும் கனமாக இருந்தது. பாலங்கள் தாங்கவில்லை, கியர்பெட்டி அடிக்கடி உடைந்தது. அதனால் இரும்புக் கவசத்தை மெல்லிசாக்கி, எடையைக் குறைத்து, வேகம் கொடுத்தார்கள். விளையாட்டிலும் அப்படித்தான். பட்டியலில் கனரகம் என்று போட்டிருக்கும். புதிதாக எடுப்பவர்கள் அதை நம்பி முன்வரிசையில் போய் நெஞ்சைக் காட்டி நிற்பார்கள். ஒரு நிமிடத்தில் எரிந்து போவார்கள். அதை ஓட்டுகிற விதமே வேறு. இன்னொருவன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிரி அவனைச் சுட்டுவிட்டு அடுத்த குண்டை ஏற்றுகிற இடைவெளியில் வெளியே வந்து, ஒரே அடி அடித்து, ஓடிவிட வேண்டும்.

இது எனக்கு இயல்பாகவே வந்தது.

டாங்கி அண்ணனுடையது. அவன் டவர் கிரேன் ஓட்டினான். பதினோரு வயதிலிருந்து அவனுக்குச் சர்க்கரை நோய், வேளாவேளைக்கு இன்சுலின். வேலை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் மேசை முன்னால் உட்காருவான். நான் எட்டு வருடம் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கல்லூரி நாட்களில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்பேன். அவன் என்னைப் பிள்ளைப்பூச்சி என்று கூப்பிடுவான், சுருக்கமாகப் பூச்சி.

அவனோடு இன்னும் இரண்டு பேர் ஓர் அணியாக ஆடுவார்கள். நேரில் பார்த்ததில்லை; ஹெட்செட்டில் வரும் குரல்கள்தான். ஒருவர் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தார். குண்டு விடும்போதெல்லாம் "சார், பார்சல்! கையெழுத்து போடுங்க" என்பார். மற்றவர் பேக்கரி அடுப்பில் நிற்பவர். தன் டாங்கி எரிந்தால் "கருகிடுச்சுப்பா, எடுத்துரு" என்பார். அண்ணனுக்கு அவர்கள் தபால், பேக்கரி. அவர்களுக்கு அவன் கிரேன்.

முப்பத்தொரு வயதில் அவன் கண்ணுக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்தது. ஒரு கண்ணில் சிலந்திவலை, இன்னொன்றில் புகை என்று சொன்னான். கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்தால் டாங்கி தெரிந்தது, இன்சுலின் பேனாவில் இருக்கும் சின்ன எண் தெரியவில்லை. அந்தப் பேனாவைத் திருகும்போது ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சொடுக்குச் சத்தம் வரும். முதலில் அதை எண்ணி அவனே போட்டுக்கொண்டான். பிறகு, "நீதான் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி ஆச்சே, நீயே போடு. படிச்ச படிப்பு வீணாகக் கூடாது" என்றான். மதியத்துக்குப் பன்னிரண்டு சொடுக்கு.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் அவனுக்குச் சர்க்கரை இறங்கியது. கை நடுங்கியது. "பூச்சி, மவுஸைப் பிடி. ரெண்டே நிமிஷம்" என்று எழுந்து ஹெட்செட்டை என் தலையில் மாட்டிவிட்டான். பக்கத்திலிருந்த கட்டிலில் உட்கார்ந்து குளுக்கோஸைக் கரைத்துக் குடித்தான். நான் மைக்கை அணைத்துவிட்டு ஆடினேன். நான்கு டாங்கிகளை அடித்தேன்.

"டேய் கிரேன், என்னடா சாப்பிட்ட இன்னைக்கு?" என்றது பேக்கரி.

"மூணு பேருக்கும் கையெழுத்து வாங்கிட்டியேடா. நாலாவது ஆளுக்கு வீட்டுப் பின்பக்கமா வந்து டெலிவரி பண்ணிட்ட. நீ மனுஷனே இல்ல" என்றது தபால்.

அண்ணன் கட்டிலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "நான்னு நெனச்சிட்டானுங்க. சொல்லிடாத" என்றான். நான் 'மைக் ரிப்பேர்' என்று தட்டச்சு செய்தேன்.

இருபத்தாறு வயதுவரை யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. லேபில் ஒரு நாளைக்கு நான் சொல்வது மூன்றே மூன்று: உட்காருங்க, கையை மடக்குங்க, அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் அவன் சரியாகி நாற்காலிக்கு வந்துவிட்டான். பதினோரு நாள் காத்திருந்தேன். அவனுக்கு நடுக்கம் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் பேனாவைப் பதினான்கு வரை திருகினேன்.

அது பெரிய அளவு அல்ல. கொஞ்சம் வியர்க்கும், கை நடுங்கும், என்னைக் கூப்பிடுவான், குளுக்கோஸ் குடிப்பான், சரியாகிவிடும். மேசை இழுப்பறையில் பொட்டலத்தை நானே வாங்கி வைத்திருந்தேன். அவனுக்குக் கெடுதல் வரக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அவன் ஹெட்செட் மாட்டிய பிறகுதான் ஊசி போடுவேன். காது அடைத்திருந்தால் சொடுக்கு கேட்காது.

வாரத்துக்கு ஒருமுறை என்பது மூன்று முறை ஆனது. தினமும் மதியம் வீட்டில் இருப்பதற்காக லேபில் காலை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கண் அறுவைக்கு ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். சர்க்கரை இப்படி விழுந்துகொண்டிருந்தால் செய்ய முடியாது என்று டாக்டர் தள்ளிவைத்தார். இரண்டாவது தேதியும் தள்ளிப்போனது. டாக்டர் அவனைத் திட்டினார். நான் எழுதிய சர்க்கரை நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி எவ்வளவு பொறுப்பா எழுதியிருக்கு. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறதில்லையா?" என்றார். அண்ணன் பள்ளிக்கூடத்துப் பையனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டான். நேரத்துக்குத்தான் சாப்பிட்டான். வெளியே வந்ததும், "கிரேன்ல இருந்து பார்த்தா இந்த டாக்டர் எறும்பு மாதிரி தெரிவாரு, தெரியுமா" என்றான். பேருந்தில் வீடு வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அடிக்கடி சர்க்கரை இறங்கினால் உடம்பு எச்சரிப்பதை நிறுத்திவிடும். இது எனக்குப் பாடத்திலேயே இருந்தது. வியர்வை வராது, நடுக்கம் வராது, நேராக மயக்கம்தான். விளையாட்டில் எதிரி உங்களைப் பார்த்துவிட்டால் திரையின் மேலே ஒரு பல்பு எரியும். அண்ணன் உடம்பில் அந்தப் பல்பு ஃப்யூஸ் போய்விட்டது. பதினான்குக்கு நடுக்கம் வராததால் பதினாறு திருகினேன்.

ஒரு மாலை அவன் சொன்னான்: "கண்ணு சரியானா நான் மேல ஏறிடுவேன் பூச்சி. இந்த டாங்கை நீயே வெச்சுக்கோ. அவனுங்ககிட்டயும் சொல்லிடலாம், எங்க வீட்டுப் பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைச்சிருக்குன்னு."

அதாவது நான் விரும்பியதை நான் கேட்காமலே கொடுத்துவிட்டான். அதற்கு மேலும் ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். அவன் கிரேனுக்குப் போய்விட்டால் அந்த அறையில் நானும் இரண்டு குரல்களும்தான் இருப்போம். எனக்கு அவன் பின்னால் கட்டிலில் இருக்க வேண்டும். எட்டு வருடம் நான் நின்றேன். அவன் ஒரு வருடமாவது உட்கார்ந்து பார்க்கலாம் என்று தோன்றியது. அநியாயமாகத் தோன்றவில்லை.

அறுவைக்கு மூன்றாவதாகக் கொடுத்த தேதி ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு நடந்ததைத்தான் நீங்கள் ஸ்டேஷனில் ஏற்கெனவே எழுதி, மூடி வைத்துவிட்டீர்கள்.

அன்று காலை சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. அம்மா ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். அரைநாள் வேலை முடித்து ஒரு மணிக்குச் சாப்பாடு வாங்கி வருவதாகச் சொல்லிப் போனாள். பன்னிரண்டு ஐம்பதுக்குப் போன் செய்தாள்.

"பஸ்ஸு நடுவழியில நின்னுடுச்சுடி. அடுத்தது எப்ப வரும்னு தெரியல. ஊசியைப் போட்டுடாத, நான் வந்ததும் போட்டுக்கலாம்."

"சரிம்மா" என்றேன்.

அண்ணன் அன்று நாற்காலியில் உட்காரவே இல்லை. "நாளைக்கு ஆபரேஷன். இன்னைக்கே ராஜினாமா. நீ உக்காரு" என்று கட்டிலில் சாய்ந்துகொண்டான். ஹெட்செட் என் கழுத்தில் இருந்தது. உட்காருவதற்கு முன் பேனாவை எடுத்தேன். அவன் காது திறந்திருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. திருகி முடித்த பிறகுதான் அவன் உதடு அசைவதைப் பார்த்தேன்.

"பதினெட்டா?" என்றான்.

"நாளைக்கு ஆபரேஷன்ல. டாக்டர் கூட்டியிருக்காரு."

"அம்மா சாப்பாடு?"

"வந்துட்டே இருக்கா."

சட்டையைத் தூக்கினான். "நீ சொன்னா சரி" என்றான்.

அறுவை இன்னொரு முறை தள்ளிப்போக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒன்று எட்டுக்கு முதல் ஆட்டம் தொடங்கினேன். நேரம் அண்ணனின் விளையாட்டுக் கணக்கில் பதிவாகியிருக்கும், நீங்கள் பார்க்கலாம். நோட்டில் ஊசி நேரம் பன்னிரண்டு நாற்பது என்று இருக்கிறதே, அது நான் பிறகு எழுதியது.

டாங்கியின் பீரங்கிக் குழாயில் வெள்ளைக் கோடு போடுவார்கள். அந்த டாங்கியை ஓட்டுபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைவிட நன்றாக ஆடினால் மூன்று கோடு. அண்ணன் நான்கு வருடமாக இரண்டிலேயே நின்றிருந்தான். கண் போன பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான். அன்று நான் நன்றாக ஆடினேன். மூன்றாவது ஆட்டம் முடிந்தபோது மூன்றாவது கோட்டுக்கு அரை சதவீதம்கூட மீதியில்லை.

"பூச்சி, இனிப்பா ஏதாச்சும் குடுடி" என்றான் அண்ணன்.

"இதோ" என்றேன்.

இழுப்பறை என் வலது முழங்காலை ஒட்டி இருந்தது. அதைத் திறக்க மவுஸிலிருந்து கையை எடுக்க வேண்டும். அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது. நடுவில் விட்டுப் போனால் கணக்கில் கரும்புள்ளி விழும். அது அவன் கணக்கு. அவன் பெயர் கெடக்கூடாது என்று நினைத்தேன்.

இரண்டாவது முறையும் கூப்பிட்டான். நான் அடுத்த குண்டு ஏறுவதற்காகக் காத்திருந்தேன். அப்புறம் அவன் என்னிடம் பேசவில்லை. "மேல ஏத்து... மெல்ல, மெல்ல... கீழ ஆள் நிக்குறான் பாரு" என்றான். சர்க்கரை மிகவும் இறங்கினால் மூளை இப்படிப் பேசும். எத்தனை நிமிடம் மீதி இருக்கும் என்று என்னால் ஏறக்குறைய சொல்ல முடியும். ஹெட்செட்டை ஒரு காதில்தான் மாட்டியிருந்தேன். எல்லாம் கேட்டது. அதனால் தெரியாமல் நடந்தது என்று எழுத வேண்டாம்.

ஒரு ஆட்டம் ஆறு, ஏழு நிமிடம். அவன் முதலில் கூப்பிட்ட பிறகு நான் ஐந்து ஆட்டம் ஆடினேன். ஒவ்வொன்றின் முடிவிலும் திரும்பியிருக்கலாம். அரை சதவீதம் கால் ஆனது, பிறகு அதிலும் பாதி. அந்த ஐந்தில் நான்காவது ஆட்டத்தில் கட்டிலிலிருந்து சத்தம் வரவில்லை.

அம்மா இரண்டு ஐம்பதுக்கு வந்தாள். ஊசி போட்ட பிறகுதான் உன் போன் வந்தது, நீ பதறுவாய் என்று சரி என்றேன் என்று அவளிடம் சொன்னேன். உங்களிடமும் அதையே சொன்னேன். ஆஸ்பத்திரியில் யாரும் சந்தேகப்படவில்லை. பல முறை இறங்கிய சர்க்கரை, அதற்கு அத்தாட்சியாக ஒரு நல்ல நோட்டு.

இன்றோடு நாற்பத்தொரு நாள். அம்மா வேலைக்குப் போவதில்லை. பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். "பத்து நிமிஷம் முன்னாடி போன் பண்ணித் தொலைச்சிருந்தா எம்பிள்ளை இருந்திருப்பான்" என்று தட்டைப் பார்த்துச் சொல்கிறாள். ஒரு வாய் சாப்பிட்டதும் எடுத்து வைத்துவிடுகிறாள். அவள் போன் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. அதை நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டாள். பிள்ளைப்பூச்சிக்கு என்ன தெரியும் என்பாள்.

தபாலுக்கும் பேக்கரிக்கும் இன்னும் தெரியாது. நேற்றும் ஆடினோம்.

கடைசியாக ஒன்று. மூன்றாவது கோடு இரண்டு மணிக்குச் சற்று முன்பு விழுந்தது. ஹெட்செட்டில் இருவரும் கத்தினார்கள். நான் அதைக் கழற்றிவிட்டுத் திரும்பினேன். அண்ணன் சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தான், கண் பாதி திறந்திருந்தது. நான் படித்தவள், நாடி பார்க்கத் தெரியும். அதற்கு முன்னால் திரையை இரண்டு கையாலும் பிடித்து, அவனுக்குத் தெரிகிற தூரத்துக்கு இழுத்து, அவன் பக்கம் திருப்பினேன். வெளிச்சத்தைக் கூட்டினேன்.

அவன் பார்த்தான். சந்தோஷப்பட்டான் என்றே நினைக்கிறேன்.