பெயர் எழுதாத சிடி

2014ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஒரு வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இதை எழுதி வைத்திருக்கிறேன். நெய்வேலி டவுன் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பழைய நண்பர்கள். ஒருவர் சென்னையில் படக் கம்பெனிக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் ஷிப்டுக்குப் போகும் சுரங்கத் தொழிலாளி.

“புதுசா வர்ற சிடிய அரை நிமிஷந்தான்டா கேப்பேன். புடிக்கலன்னா தூக்கிப் போட்டுடுவேன்” என்றார் அதிகாரி.

“என் பாட்டுல குரலு வரவே ஒரு நிமிஷம் ஆவும்” என்றார் தொழிலாளி.

“நீ அனுப்பினியா? பேரப் பாத்திருந்தா முழுசாக் கேட்டிருப்பேனேடா!”

“அதுக்குத்தான் பேரே போடல. சிநேகிதன்னு எடுத்துடுவியேன்னு.”

அதிகாரி நண்பர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, “இப்பப் பாடேன்” என்றார்.

“மறந்துபோச்சுடா.”

மைன்ஸ் ஸ்டாப்பிங்கில் தொழிலாளி எதையோ முணுமுணுத்தபடி இறங்கினார். அது அந்தப் பாட்டுதானா என்று எனக்குத் தெரியவில்லை.