பலகையில் ஓர் இடம்

தமிழ் தெரிந்த ஒருவரை எதிரில் உட்கார வைத்தது நல்லதாகப் போயிற்று. மெஷினைப் பற்றி என்றால் இந்த ஊர் மொழியில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். மனிதர்களைப் பற்றிப் பேச எனக்குத் தமிழ்தான் வரும். நான் சொல்வதை அந்த அதிகாரியிடம் அப்படியே மாற்றிச் சொல்லுங்கள். அவர் எழுதி முடிக்கும்வரை நிறுத்திக்கொள்கிறேன், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நான் குளிர்கிடங்கில் மெக்கானிக். கப்பலில் வருகிற மீனும் இறைச்சியும் எங்களிடம் உறைந்து கிடந்துவிட்டு லாரி ஏறிப் போகும். உறைய வைக்கிற மெஷின்கள் என் பொறுப்பு. கிடங்குக்குள் வேலை செய்கிறவர்கள் வேறு. அவர்கள் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, முழங்கால் வரை வரும் பஞ்சு பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். கழற்றிய ஷூவை வைக்கக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நீளப் பலகை. ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் இடம், இடத்துக்கு மேலே பெயின்டில் அவரவர் பட்டப்பெயர்.

இந்தப் பலகைதான் அவர்களுக்கு எல்லாம். சாயங்காலம் கதவைப் பூட்டுகிறவன் பலகையைப் பார்ப்பான். ஷூ இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. பலகை காலியென்றால் இழுத்துப் பூட்டிவிடலாம். கம்பெனி விதிப்படி உள்ளே போய்க் கடைசி வரிசை வரை குரல் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். விதி எழுதிய புண்ணியவான்கள் யாரும் அந்தக் குளிரில் நின்றதில்லை. பலகை பொய் சொல்லாது என்பது கிடங்கு ஆட்களின் பேச்சு.

எனக்குப் பலகையில் இடம் கிடையாது. நாள் முழுக்க வேலை பூட்ஸிலேயே இருக்கிறவன், கழற்றி வைக்க என்ன இருக்கிறது? நியாயம்தான். ஆனாலும் வந்த புதிதில் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். கதவு பூட்டுகிற நெட்டையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினான். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மோசமானவர்கள் என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டு அறையில் நான் போய் உட்கார்ந்தால் யாரும் எழுந்து போனதில்லை. பேச்சு மட்டும் குறைந்துவிடும். கொஞ்சம் சீக்கிரமாகச் சாப்பிட்டு முடிப்பார்கள். மெஷின் நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள், ஓடினால் மறந்துவிடுவார்கள். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வருஷக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

என் மனைவியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அவள் போனில் முதலில் கேட்பது, “அங்க பேச்சுத் துணைக்கு யாராச்சும் இருக்காங்களா?” என்பதைத்தான். இருக்கிறார்கள் என்றேன். அவள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று சொன்னதுதான். பிறகு அது கதையாக வளர்ந்தது. நெட்டையன் என்னை அண்ணன் மாதிரி நினைக்கிறான் என்றேன். எடைமேஜையில் இருக்கிற அம்மாள் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவருகிறார் என்றேன். பெட்டி தூக்குகிற வண்டி ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட்காரரும் சூப்பர்வைசரும் லீவு நாளில் என் அறையை விட்டு நகர்வதில்லை என்றேன். ஒரு தடவை ஊருக்கு வரச் சொல்லி அழுதாள். நெட்டையன் மனைவி பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இப்போது விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்குப் பிளேன் டிக்கெட்டுக்குச் செலவு செய்ய மனமில்லை, வெறுங்கையோடு போய் நிற்கக் கூச்சம். அவள் அந்தக் குழந்தைக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் என் மச்சினன் வந்தான். அவளுடைய தம்பி. கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து அவளே பிடிவாதம் பிடித்தாள். “உங்க ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா ஆவாதா?” என்றாள். என் ஆட்கள். என்ன சொல்வேன் நான்? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவனாகவே மனுப் போட்டு அவனாகவே தேர்வானான். அவளிடம் நான் சொல்லி வாங்கிக் கொடுத்ததாகத்தான் பேச்சு.

அவனுக்கு இந்த ஊர் மொழியில் வணக்கம்கூடத் தெரியாது. எதற்கெடுத்தாலும் சிரிப்பான். பெட்டியைக் காலில் போட்டுக்கொண்டாலும் சிரிப்பான். முதல் மாதம் முடிவதற்குள் பலகையில் அவனுக்கு இடம் வந்துவிட்டது. மேலே “சிரிப்பு” என்று இந்த ஊர் எழுத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள். நெட்டையனே குனிந்து நின்று அடித்தானாம். எனக்கு வயிறு எரிந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. சாப்பாட்டு அறையில் அவன் உட்கார்ந்தால் சத்தம் கூடும், ஆளுக்கு நாலு வார்த்தையாக இந்த ஊர் மொழியையும் அவனுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டார்கள். என்னைப் பார்த்தால் “சிரிப்போட மாமா” என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் எனக்கு ஒரு பட்டப்பெயர்கூட இல்லாமல் இருந்தது. கிடைத்தபோது அதுவும் அவன் பெயராக இருந்தது.

எங்கள் இருவருக்கும் ஒரே அறை. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான்.

“மாமா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“நெட்டையனுக்குக் கல்யாணமே ஆகலையாம். கொழந்தைக்கு என்ன பேர் வெச்சீங்கன்னு கேட்டுட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க.”

“அது வேற நெட்டையன்” என்றேன்.

“வேற யாரு மாமா இங்க நெட்டையா இருக்கா?”

நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் முட்டாள் இல்லை, எல்லாம் புரிந்திருக்கும்.

அந்த வாரமே மனைவி போன் செய்தாள். “தம்பி போட்டோ அனுப்பிச்சான். எல்லாரும் இருக்காங்க, நீங்க எங்க?” என்றாள். நான்தான் எடுத்தேன் என்றேன். “உங்கள எடுக்க ஒருத்தர்கூட இல்லையா அங்க?” என்றாள். கேட்டுவிட்டு அவளே பேச்சை மாற்றினாள். விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் வருகிறாள், எல்லோரையும் நேரில் பார்க்க வேண்டும் என்றாள். நெட்டையன் குழந்தைக்குக் கொலுசு வாங்கி வைத்திருக்கிறாளாம்.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் என்ன பெரிய தப்புச் செய்தேன்? யார் வீட்டுச் சொத்தையும் எடுக்கவில்லை. நாலு பேர் என்மேல் பிரியமாக இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் வந்து அந்தச் சாப்பாட்டு அறையில் ஒரே ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் போதும், நான் சொன்ன அத்தனையும் பொய் என்று தெரிந்துவிடும். அதற்கப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மச்சினன் அதைக் கவனித்திருக்கிறான். கிடங்கையே சில நாள் மூடிவிடுகிற பண்டிகை லீவு வருவதற்கு முந்தின வாரம், சந்தோஷமாக வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

“மாமா, நீங்க கவலையே படாதீங்க. அக்கா வர்றப்போ எல்லாம் சரியா இருக்கும். நான் பேசிட்டேன்.”

“யார்கிட்ட?”

“எல்லார்கிட்டயும்தான். நீங்க அக்காகிட்ட சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம சொல்லிட்டேன். பாவம், அவங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. எடைமேஜை அம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க. அக்கா வர்ற அன்னிக்கு எல்லாரும் உங்களச் சுத்தியே இருப்பாங்க. நெட்டையன் ஒத்திகையே பாத்தான் மாமா, எப்படித் தோள்ல கை போடறதுன்னு. செம காமெடி.”

“அப்படியா” என்றேன்.

“அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. சத்தியமா சொல்ல மாட்டேன்.”

நல்ல பிள்ளை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், அவனிடம் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை.

மறுநாள் சாப்பாட்டு அறையில் நெட்டையன் வந்து என் தோளில் கை போட்டான். மற்ற மூன்று பேரும் பார்த்துச் சிரித்தார்கள், கேலியாகக்கூட இல்லை, நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. எந்தக் கைக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தேனோ அந்தக் கை. அதைப் போடச் சொல்லி என் மச்சினன் கேட்டுக்கொண்டதால் வந்தது. அவன் இருக்கிறவரை இவர்கள் எனக்காக என்ன செய்தாலும் அது அவனுக்காகச் செய்தது. இதை நான் கோபத்தில் யோசிக்கவில்லை. ஒரு மெஷின் ஏன் ஓடவில்லை என்று பார்க்கிற மாதிரி உட்கார்ந்து யோசித்தேன். பழுது எங்கே என்று தெரிந்தது.

லீவுக்கு முந்தின சாயங்காலம் எல்லோரும் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார்கள். நான் பலகையிலிருந்து ஒரு ஜோடி ஷூவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். நான் கையால் செய்தது அவ்வளவுதான். அந்த ஷூவும் அவன் வந்த அன்று நான் வாங்கிக் கொடுத்தது.

அவனை அந்த நேரத்தில் உள்ளே அனுப்பியது யார் என்று கேட்பீர்கள். நான்தான். கடைசி வரிசை விசிறியில் பனி பிடித்திருக்கிறதா என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா என்றேன். “இதோ மாமா” என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு போனான். நெட்டையன் பூட்ட வந்தபோது சிரிப்பு எங்கே என்று என்னைக் கேட்டான். முன்னாலேயே பஸ்ஸுக்குப் போய்விட்டான் என்றேன். அவன் பலகையைப் பார்த்தான். பூட்டினான்.

கதவுக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி உண்டே என்கிறார் அதிகாரி. உண்டு. அது இறுகிப்போய் மாதக்கணக்காகிறது. மாற்றுக் கைப்பிடி வந்து என் மேஜை டிராயரில்தான் இருந்தது. மாட்டச் சொல்லி சூப்பர்வைசர் இரண்டு முறை சொன்னார். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அதை இதற்காகத் தள்ளிப் போடவில்லை. இதற்கு உதவியது, அவ்வளவுதான். போன் அந்த இரும்புச் சுவருக்குள் எடுக்காது.

இன்னொன்றும் இருக்கிறது, நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் மெஷின் அறையில் மணி அடிக்கும். மணி வேலை செய்கிறது, அதை நான் ஒழுங்காகப் பராமரித்து வந்தேன். அன்றைக்கும் அடித்தது. நான் அறையில்தான் இருந்தேன். முதலில் விட்டு விட்டு அடித்தது, அவனுக்கு இது ஏதோ விளையாட்டு என்று நினைப்பு போல. பிறகு விடாமல் அடித்தது. நின்ற பிறகு விளக்கை அணைத்துவிட்டு அறைக்குப் போனேன். இரண்டு பேருக்குச் சமைத்துப் பழகிவிட்டதால் அன்றும் இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள் சாப்பிட்டேன். லீவு முடிந்துதான் கதவைத் திறந்தார்கள். அவன் பஸ் ஏறி எங்கேயோ ஊர் சுற்றப் போயிருக்கிறான் என்று நினைத்திருந்தேன் என்றேன், எல்லோரும் நம்பினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எடைமேஜை அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். வேளாவேளைக்குச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வந்தது. ஃபோர்க்லிஃப்ட்காரரும் சூப்பர்வைசரும் என்னைத் தனியாக விடக்கூடாது என்று என் அறையிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். நெட்டையன் என் பக்கத்தை விட்டு நகரவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஒத்திகை இல்லை. மனைவி அழுதுகொண்டே வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் அந்த நாலு பேரும் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். தம்பியின் உடல் இருந்த பெட்டியை ஊருக்குப் போகிற விமானத்தில் ஏற்றி முடித்தபின் என்னிடம் சொன்னாள், “நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்காங்க.”

அதோடு முடிந்திருக்கும். ஆனால் நீங்கள் நெட்டையனைப் பிடித்துவிட்டீர்கள். உள்ளே பார்க்காமல் பூட்டியது குற்றம் என்கிறீர்கள். நேற்று நீங்கள் கூட்டிப் போகும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, பலகையில் ஷூ இல்லை, சத்தியமாக இல்லை என்று குழந்தை மாதிரி அழுதான். எல்லோரும் நம்பாத முகத்தோடு நின்றார்கள். அவன் சொல்வது உண்மை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு சிநேகிதன் செய்யாத குற்றத்துக்கு உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? அதனால்தான் காலையில் எழுந்ததும் குளித்துவிட்டு நானாகவே இங்கே வந்தேன். ஷூ என் பையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மனைவியிடம் நான் சொல்லவில்லை. நெட்டையன் பக்குவமாகச் சொல்லுவான். அவனுக்காகத்தான் வந்தேன் என்று தெரிந்தால் மற்றவர்களும் புரிந்துகொள்வார்கள், கொஞ்ச நாள் வருத்தம் இருக்கும், அவ்வளவுதான்.

எழுதி முடித்துவிட்டாரா? கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் கேட்டுச் சொல்லுங்கள். பார்க்க வருகிறவர்களை எந்தக் கிழமை உள்ளே விடுவார்கள்? நாலு பேரை ஒன்றாக விடுவார்களா? அவர்கள் வந்தால் சேர்ந்துதான் வருவார்கள்.