நாஷ்வில் பஸ்ஸில மாப்பிள்ளை பாத்தது

— வரேல்லையாம்.

— ஆர் வரேல்லையாம்?

— மாப்பிள்ளை. டொக்டர் மாப்பிள்ளை. நாஷ்வில்ல நாங்கள் ஏறின அந்த பஸ்ஸுக்கு அவர் வரவே இல்லையாம். சம்பந்தம் பேசின பியற்றிஸ் அக்கா இப்பத்தான் போன் எடுத்தவ.

— பொறும் எமில்டா. வராமல் எப்பிடி? நானும் நீரும் கண்ணால பாத்தனாங்கள் தானே.

— அதைத்தான் நானும் கேட்டனான். ஆஸ்பத்திரியில அவசரமாக் கூப்பிட்டுப் போட்டினமாம். கூட வர இருந்த மாமியும் அதோட நிண்டிட்டாவாம். இவ்வளவு நாளும் எங்களுக்குச் சொல்ல வெக்கப்பட்டுக்கொண்டு இருந்தவையாம். இப்ப எங்கட மகளின்ர படம் ஒண்டு அனுப்பட்டாம்.

— அப்ப நாங்கள் பாத்தது ஆரை?

— என்னைக் கேக்கிறியளே? முழங்கையால இடிச்சு 'உவர்தான், உவர்தான்' எண்டு சொன்னது ஆர்?

— அதாவது, நீர் சொன்னீர், பத்து மணி பஸ், தமிழ்ப் பெடியன், கூட ஒரு மாமி எண்டு. பஸ் சரி. பெடியன் சரி. மாமியைத்தான் காணேல்லை. 'மாமிக்கு முழங்கால் வருத்தமாக்கும்' எண்டு காரணம் கண்டுபிடிச்சது நீர். அமெரிக்காவில, பாட்டுக்காரரின்ர ஊரைச் சுத்திக் காட்டுற ஒரு பஸ்ஸுக்குள்ள இன்னொரு தமிழ்ப் பெடியன் இருப்பான் எண்டு ஆர் கண்டது? பேரையாவது ஒருக்காக் கேட்டிருக்கலாம்.

— பேரைக் கேக்கிறதோ? பொம்பிளை பாக்கிற இடத்தில பேர் கேக்கிற வழக்கம் உங்கட வீட்டில இருந்ததோ? தற்செயலாக் கண்ட மாதிரி இருக்கோணும். அவையும் எங்களைப் பாக்காத மாதிரி, நாங்களும் அவையைப் பாக்காத மாதிரி. பிடிச்சால் நடுவில நிக்கிறவை கதைப்பினம். பிடிக்காட்டி ஒருத்தருக்கும் ஒரு குறையில்லை. ஊரில, இளவாலையில என்னைப் பாத்ததும் அப்பிடித்தானே, பெருநாள் அண்டு கோயில் வீதியில.

— ஓம். பாத்தனான்.

— நீங்கள் ஐஸ்கிறீம் வானைப் பாத்தனீங்கள். உங்கட கொம்மாதான் என்னைப் பாத்தவ.

— சரி, விடும். ஆனால் கோயில்லதான் வைச்சுப் பாக்கோணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டதும் நீர்தான். கடைசியில ஒரு பாட்டு மண்டபத்தைக் கோயில் எண்டு வைச்சுக்கொண்டீர்.

— அது கோயில்தான். பஸ்ஸில ஊர் காட்டின அந்தத் தொப்பிக்காரப் பொம்பிளை மைக்கில சொன்னது உங்களுக்குக் கேக்கேல்லையோ? ஒரு கப்பல் கப்டன் மனந்திரும்பிக் கட்டினது எண்டு சொன்னவள். சனம் இருக்கிற வாங்குகளையும் பாத்தனீங்கள் தானே. எங்கட கோயில் வாங்கு மாதிரி, நீள வாங்கு.

— கட்டினது கோயிலா இருக்கலாம். பிறகு அதுக்குள்ள கிற்றார் அடிச்சுக் கூத்தும் போட்டு, இப்ப அதுவும் இல்லாமல் சும்மா கிடக்கு, எங்களை மாதிரிப் பாக்க வாறவைக்கு மட்டும் திறக்கினம். அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தவள். நீர் அதுக்குள்ள போன உடன முழங்காலில நிண்டு சிலுவை போட்டீர். பின்னால வந்த அமெரிக்கன் சனம் பயந்து தொப்பியைக் கழட்டினது.

— அந்தப் பெடியனும் முழங்காலில நிண்டது தானே. எனக்கு அதிலதான் மனசு நிறைஞ்சது.

— நிண்டவன். நீர் நிண்டதைப் பாத்திட்டு நிண்டவன். சிலுவையையும் வலப்பக்கத்தால துவங்கினவன்.

— பதட்டமா இருந்திருக்கும். பொம்பிளை பாக்க வந்த பிள்ளை எல்லே.

— அதுவும் இல்லையே இப்ப.

— என்ர மாதாவே, அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லாதேங்கோ. பியற்றிஸ் அக்காவுக்கு வந்திறங்கின அண்டே சொல்லிப்போட்டன், மாப்பிள்ளையை எங்களுக்குப் பிடிச்சிருக்கு எண்டு. உயரம் பிடிச்சிருக்கு, பல்லுப் பிடிச்சிருக்கு, பணிவு பிடிச்சிருக்கு எண்டு ஒண்டும் விடாமல். அவை யோசிச்சிருப்பினம், வராத ஆளின்ர உயரத்தை உவ எங்க நிண்டு அளந்தவ எண்டு. போனில அவ, 'அருள்நேசன் என்ன சொல்லுறார், அவரும் பாத்தவரோ' எண்டு கேக்கிறா. என்ன சொல்ல?

— வேற ஆருக்குச் சொன்னீர்?

— கோயிலுக்கு வாற மெற்றில்டாவுக்கு மட்டும்.

— அப்ப முழுப் பங்குச் சனத்துக்கும் தெரியும்.

— ஃபாதரிட்டையும் ஒரு சொல்லுப் போட்டு வைச்சனான், ஆவணியில ஒரு சனிக்கிழமை கோயில் கிடைக்குமோ எண்டு.

— எமில்டா.

— ஒரு சொல்லுத்தானே.

— முதல் இந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லப் போறீர்? அந்தக் கனடாக்காரர் வந்து தேத்தண்ணி குடிச்சு, ரோல்ஸையும் முடிச்சுப்போட்டு, நிறம் போதாது எண்டு சொல்லிவிட்டவை எல்லே. அண்டைக்கு டொலறஸ் என்ன சொன்னவள்? இனியொருக்கா ஆருக்கும் என்னைக் காட்டினால் வீட்டை விட்டுப் போவன் எண்டு. நான் எண்டால் அவளுக்கு நேரச் சொல்லியிருப்பன்.

— சொன்னால் வந்திருப்பாளோ? அதுக்காகத்தானே இந்த அமெரிக்கா நாடகம் முழுக்க. அப்பாவுக்கு அந்த அமெரிக்கன் கன்ட்ரி மியூசிக் பாட்டெண்டால் உயிர், அந்த ஊரை ஒருக்காப் பாக்கோணுமாம் எண்டு சொன்ன உடன ஓம் எண்டிட்டாள். டிக்கெற், ஹோட்டல், அந்த பஸ் எல்லாம் அவள்தானே ஓடியோடி ஒழுங்கு பண்ணினவள். பாவம், ஒரு சந்தேகமும் இல்லாமல்.

— எனக்கு அது நாடகம் இல்லை. றேடியோ சிலோன்ல கேட்டுக் கேட்டு வளந்த பாட்டுகள். அதெல்லாம் பிறந்த தெருவால பஸ் போகுது. அந்த மனிசி ஒவ்வொரு ஸ்ரூடியோவாக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டு வாறாள். நீர் என்ர விலாவில இடிச்சு, 'தலைமயிர் கொட்டுண்டிருக்கோ பாருங்கோ', 'சப்பாத்து மினுக்கியிருக்கோ பாருங்கோ'. ஒரு கதையை முழுசாக் கேக்க விட்டீரோ?

— என்ன கதை? பாட்டுக்காரரின்ர வீடு காட்டுறன் எண்டு கூட்டிக்கொண்டு போய்க் கேற்றைக் காட்டினாள். வீடு இல்லை, கேற்று. அடுத்தது இன்னொரு கேற்று. நீங்களும் இறங்கி இறங்கிப் படம் எடுத்தனீங்கள்.

— கிற்றார் மாதிரி வெட்டின நீச்சல்குளமும் எடுத்திருக்கிறன்.

— மதிலுக்கு மேலால ஒரு நீலம் தெரியுது. அதுவோ நீச்சல்குளம்? எங்க, அந்தப் படங்களைத் தாங்கோ.

— இந்தாரும். அவள் வேலை செய்யிற கெமிஸ்ற்றில, அந்த மருந்துக்கடையில, பிலிம் கழுவக் குடுத்தால் பாத்திடுவாள் எண்டு ஸ்ரெதத்தில இன்னொரு கடைக்கு பஸ் பிடிச்சுப் போய்க் குடுத்து எடுத்தனான்.

— அதையாவது செய்தியள். இது கேற்று. இதுவும் கேற்று. இது ஆர், பெருவிரலோ?

— அது வெளிச்சம்.

— இந்தா நிக்கிறார். இஞ்ச பாருங்கோ, இந்தத் தூண் வைச்ச பெரிய கட்டிடத்துக்கு முன்னால. இதிலயும் நிக்கிறார். இதிலயும். எல்லாத்திலயும் எல்லே உவரை எடுத்து வைச்சிருக்கிறியள்.

— நான் அவரை எடுக்கேல்லை. பிள்ளையை எடுத்தனான்.

— பிள்ளைக்குப் பக்கத்தில நிக்கிறார்.

— அதுக்கு நான் என்ன செய்ய? அவர் நிண்ட இடத்தில நிண்டவர். ஆனால் ஒண்டு எமில்டா, எனக்கு அண்டைக்கே ஒரு மாதிரித்தான் இருந்தது. பொம்பிளை பாக்க வந்தவன் ஒருக்காவெண்டாலும் பொம்பிளையைப் பாக்கோணுமே. இவன் கேற்றைப் பாக்கிறான், வானத்தைப் பாக்கிறான், உம்மட ஹான்ட்பாக்கைப் பாக்கிறான். அவளை நிமிந்தே பாக்கேல்லை.

— அதுதான் நல்ல வளர்ப்பு.

— ஓமோம். உம்மட பிள்ளையும் நல்ல வளர்ப்புத்தான். ஹோட்டல்ல ஒவ்வொரு பின்னேரமும் ஐஸ் எடுத்துக்கொண்டு வாறன் எண்டு வாளியோட போனவள். மெசின் அடுத்த கதவில. திரும்பி வரேக்குள்ள வாளியில தண்ணிதான் இருந்தது.

— அவளுக்கு அந்த மெசின் பிடிபடேல்லை. எல்லாத்துக்கும் ஒரு கதை கட்டாதேங்கோ. இப்ப சொல்லுங்கோ, நான் என்ன செய்ய?

— டொக்டருக்குப் படத்தை அனுப்பும். அவையும் அனுப்பட்டும். பாத்து முடிவெடுப்பம்.

— எனக்கு டொக்டர் வேண்டாம்.

— என்ன?

— வேண்டாம். நான் ஒருத்தரைப் பாத்துப் பிடிச்சுப்போச்சு. அந்த மண்டபத்துப் படியில எனக்குத் தலை சுத்திக்கொண்டு வந்தது. நீங்கள் முன்னால மேடையைப் படம் எடுக்கப் போட்டியள். அந்தப் பிள்ளைதான் 'ஆன்ரி, பாத்து' எண்டு கையைப் பிடிச்சு இறக்கினது. நான் சரியா நிக்கும் வரைக்கும் கையை விடேல்லை. இந்த லண்டனுக்கு வந்து இத்தினை வருசத்தில ஆர் என்ர கையைப் பிடிச்சு ஒரு படி இறக்கினது, சொல்லுங்கோ பாப்பம்.

— நான் மேடையைப் பாக்க எண்டே போனனான், எமில்டா.

— உங்களைக் குறை சொல்லேல்லை. ஊரில அண்ணையின்ர பிள்ளையளுக்கு, தங்கச்சியின்ர பிள்ளையளுக்கு எல்லாம் கலியாணம் முடிஞ்சுது. ஒண்டுக்கும் நான் போகேல்லை. சண்டை, விசா, லீவு எண்டு ஒவ்வொண்டும் போய், எல்லாத்தையும் படத்தில பாத்து அழுததுதான் மிச்சம். இவளின்ர ஒண்டையாவது நான் முன்வாங்கில இருந்து பாக்கோணும். எனக்கு வேற ஒரு ஆசையும் இல்லை. உந்தப் பெடியன் ஆரெண்டு தேடிப் பிடியுங்கோ.

— எங்க போய்த் தேட? நாஷ்வில்லுக்குப் போன் எடுத்து, உங்கட பஸ்ஸில சிலுவையைப் பிழையாப் போட்ட ஒரு தமிழ்ப் பெடியன் வந்தவர், விலாசம் தாங்கோ எண்டு கேக்கிறதோ?

— பகிடி விடுற நேரமோ இது? உஸ். திறப்புச் சத்தம் கேக்குது. அவள் வந்திட்டாள். படங்களை எடுங்கோ. குஷனுக்குக் கீழ வையுங்கோ. அதுக்கு மேல இருங்கோ.

— ஹலோ அம்மா. என்ன, ரெண்டு பேரும் ரீவியும் போடாமல் இருக்கிறியள்? அப்பா, ஏன் அப்பிடி உயரத்தில இருக்கிறியள்?

— குஷன் பிள்ளை. புதுக் குஷன்.

— புதுக் குஷனுக்குக் கீழால என்னவோ நீட்டிக்கொண்டு நிக்குது. ஓ, படங்கள். வந்து எனக்குச் சொல்லேல்லையே. எழும்புங்கோ அப்பா.

— எல்லாம் கேற்றுத்தான் டொலறஸ். ஒண்டும் சரியா வரேல்லை.

— இது நல்லா வந்திருக்கே. தூணுக்கு முன்னால எடுத்தது. இதில எனக்கொரு கொப்பி வேணும் அப்பா. பெரிசா.

— பிள்ளை, உதில உனக்குப் பக்கத்தில ஒருத்தர் நிக்கிறார். அந்த பஸ்ஸில வந்தவர். உனக்கு ஞாபகம் இருக்கோ? சும்மா கேட்டனான்.

— சும்மா ஏன் கேக்கிறியள் அம்மா?

— அதாவது பிள்ளை, கொம்மா அவரை உனக்குப் பாத்த டொக்டர் எண்டு நினைச்சிட்டா.

— இஞ்சேருங்கோ, உங்களை ஆர் வாயைத் திறக்கச் சொன்னது?

— சொல்லட்டும் அம்மா. டொக்டரின்ர விசயம் எனக்குப் போக முதலே தெரியும். அவர் கெமிஸ்ற்றுக்குப் போன் எடுத்தவர். தனக்கு அங்க ஒரு ஆள் இருக்காம், வீட்டில சொல்லப் பயமாம். பஸ்ஸுக்கு வந்து உங்களை ஏமாத்த மனமில்லை எண்டவர். வராதேங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு சொல்லிப்போட்டன்.

— அப்ப ஆஸ்பத்திரி அவசரம் எண்டது?

— அவர் தன்ர மாமிக்குச் சொன்ன பொய்.

— பொறு பிள்ளை. டொக்டர் வரமாட்டார் எண்டு தெரிஞ்சுகொண்டும் எங்களை ஏன் அந்த பஸ்ஸில ஏத்தினனீ? இவர் ஆர்?

— குகன். குகதாசன். தோர்ண்டன் ஹீத்தில இருக்கிறார் அம்மா, இஞ்ச கிட்டத்தான்.

— தோர்ண்டன் ஹீத்தோ? நாங்கள் அரிசி வாங்கப் போற தோர்ண்டன் ஹீத்தோ? அதுக்கு ஏன் அமெரிக்காவில வந்து நிண்டவர்?

— எங்கட பிளேன்லதான் வந்தவர். பின்னால, சிகரட் பத்துறவையின்ர சீற்றில இருந்தவர். அந்த மணத்துக்கு நீங்கள் அங்கால வரமாட்டியள் எண்டு தெரியும். சிகரட் தொடுறேல்லை அவர். மூண்டு நாள் இருமினவர்.

— குகதாசன் எண்டால் பிள்ளை, எங்களை மாதிரி வேதக்காரர் இல்லை.

— சைவம் அப்பா.

— சரிதான். சிலுவை அந்தப் பக்கத்தால போனதுக்கு இப்பத்தான் விளக்கம் வருது. எமில்டா, சாய்ஞ்சிரும். தண்ணி கொண்டு வரட்டோ?

— தண்ணி வேண்டாம். எத்தினை வருசமாப் பழக்கம்?

— ரெண்டு வருசம் அம்மா.

— ரெண்டு வருசமா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

— சொன்னால் சைவம் எண்ட சொல்லோட நிப்பாட்டியிருப்பியள். ஆளைப் பாத்திருக்க மாட்டியள்.

— நான் முழங்காலில நிண்டால் அவரையும் நிக்கச் சொல்லி நீயோ சொல்லிக் குடுத்தது?

— இல்லை. அது அவராச் செய்தது. நான் சிரிப்பை அடக்கேலாமல் அங்கால போட்டன். படியில உங்கட கையைப் பிடிச்சதும் நான் சொல்லிச் செய்தது இல்லை.

— ம்.

— அம்மா, அழுறியளோ?

— இல்லை. யோசிக்கிறன். சைவம் எண்டால் என்ன, ஃபாதரோட கதைக்கலாம். மெற்றில்டாவின்ர மருமகனுக்கும் அப்பிடித்தான், பிஷப்பிட்டை அனுமதி எடுத்துக் கோயில்லயே கட்டி வைச்சவை. ஆவணியில சனிக்கிழமையும் கேட்டு வைச்சிருக்கிறன். பியற்றிஸ் அக்காவுக்கு நான் சொல்லுறன், உயரமும் பணிவும் நான் சொன்னபடிதான், ஆள்தான் வேற எண்டு. சிரிக்காதேங்கோ, உங்களுக்கும்தான் சொல்லுறன். வாற ஞாயிறு அவரைப் பூசைக்கு வரச் சொல்லு பிள்ளை. நேர வீட்டை வேண்டாம். முறை எண்டு ஒண்டு இருக்கு. பூசை முடிய வாசலில நாங்கள் தற்செயலாக் கண்ட மாதிரி நிக்கிறம். இந்த முறை பேரைக் கேட்டே பாக்கிறன். பிறகு நானே எல்லாம் ஒழுங்கா நடத்தி, கூறைச் சீலையை என்ர கையால எடுத்து, முன்வாங்கில இருந்து உன்ர கலியாணத்தை ஆசை தீரப் பாப்பன். ஏன் பிள்ளை அப்பிடிப் பாக்கிறாய்?

— அம்மா, நாங்கள் பங்குனியிலயே குறொய்டன் பதிவுக் கந்தோரில கலியாணம் எழுதிப்போட்டம். கலியாணத்துக்கு உங்களைக் கூப்பிடத் துணிவு வரேல்லை. அதுதான், ஹனிமூனுக்காவது கூட்டிக்கொண்டு போவம் எண்டு நாங்கள் ரெண்டு பேரும் முடிவெடுத்தது.