சிறு உற்பத்திக் கட்டணம்

கட்டணப் பட்டியலைப் பார்த்தால் பலருக்குத் தலை சுற்றும். எனக்கு அது மனப்பாடம். உணவுத் தயாரிப்புக்கு உரிமம் வழங்கும் அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாகக் கட்டணக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். நாளொன்றுக்கு நூறு கிலோவுக்குள் தயாரித்தால் சிறு உற்பத்தி. கட்டணம் சொற்பம், அவர்களே எழுதிக் கொடுப்பதை நம்பி உரிமம் தந்துவிடுவோம். அதைத் தாண்டினால் கட்டணம் பல மடங்கு. தவிர, ஓர் இன்ஜினியர் நேரில் போய் பாய்லர் முதல் சாக்கடை வரை பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் உரிமம்.

என் தங்கை தக்காளி சாஸ் தயாரிக்கிறாள். நன்றாகத்தான் செய்வாள், அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. அம்மா என்னோடு இருக்கிறாள். மூன்று வேளையும் சமைத்துப் போடுவது நான். தட்டு வைத்ததும் அம்மா அந்த சாஸ் பாட்டிலைக் கேட்பாள். நான் ஆக்கிய எதன் மேலும் அதைக் கவிழ்த்துக்கொள்ளாமல் அவளுக்குத் தொண்டையில் இறங்காது. "சின்னவ கைப்பக்குவமே தனிடி" என்பாள், என்னிடமே. நானே பாட்டிலை எடுத்துக் கொடுப்பேன். இதற்கெல்லாம் மனசு புழுங்குகிற ஆள் இல்லை நான்.

உரிமத்தைப் புதுப்பிக்க அவள் வந்த அன்று கூட்டம் இல்லை. கண்ணாடித் துவாரத்தில் முகத்தை வைத்து, "மேடம், கொஞ்சம் ஏழைங்களையும் கவனிங்க" என்றாள். பக்கத்து சீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

"இப்ப நூத்தம்பது கிலோ வருதுக்கா. பெரிய கட்டணமே கட்டிடறேன்."

"பைத்தியமாடி உனக்கு? தொண்ணூறுன்னு போடு. யாரு வந்து எடை போடப் போறா?"

"இன்ஜினியர் வந்து பாத்தா நல்லதுதானேக்கா? அந்த பாய்லர் போடற சத்தமே எனக்குப் பிடிக்கல."

"அதான் மெக்கானிக் பாத்துட்டாரே. பேசாம நான் சொல்றதைக் கேளு."

"நீ சொன்னா சரி."

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். விட்டுக்கொடுத்தே பேர் வாங்கிவிடுவாள். தொண்ணூறு என்று என் கையால் எழுதினேன்.

மெக்கானிக் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு நான்கு நாள் முன்பு, அம்மாவுக்கு பாட்டில் தீர்ந்துவிட்டதென்று தங்கையின் யூனிட்டுக்குப் போயிருந்தேன். அவள் கடைகளுக்குச் சரக்குப் போடப் போயிருந்தாள். பாய்லரில் ஆவி மிஞ்சினால் தானே திறந்து வெளியேற்றும் சேஃப்டி வால்வு பழுதாகி, சும்மா சும்மா திறந்துகொண்டதாம். மெக்கானிக் அதைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினார்.

"நான் ஊருக்குக் கிளம்பறேம்மா. தங்கச்சிகிட்ட மறக்காம சொல்லிடுங்க. ஒரு வாரத்துக்குள்ள வால்வை மாத்தியாகணும். இல்லேன்னா வெடிச்சிடும்."

தலையாட்டினேன். நான் மறக்கவில்லை. இன்று எத்தனையாவது நாள் என்பது தினமும் காலையில் எனக்குத் தெரிந்திருந்தது.

ஒன்பதாம் நாள் வெடித்தது. பாட்டிலுக்கு மூடி திருகும் பெண் அங்கேயே இறந்துபோனாள். அன்று அவளுக்கு விடுப்பாம். வந்திருக்க வேண்டியதே இல்லை. தங்கைக்கு முகமும் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. விரல்கள் இனி மடங்காது என்றார் டாக்டர். அன்று நான் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். ஆஸ்பத்திரி அலைச்சல்தான் காரணம்.

நானாக ஸ்டேஷனுக்கு உங்களைத் தேடி வந்தது ஏன் என்று கேட்டீர்கள். நேற்றுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. கட்டுக்குள்ளிருந்து அம்மாவிடம் அவள் முதலில் சொன்னது இது: "அக்காவை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா. எனக்குச் செலவு மிச்சமாகட்டும்னுதான் அவ அப்படிப் பண்ணினா. அவ மேல எனக்கு வருத்தமே இல்ல." அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நர்ஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன மனசு இந்தப் பெண்ணுக்கு என்று வார்டு முழுக்க ஒரே பேச்சு.

பதினோரு மணிக்கு உங்கள் ஆள் அவளிடம் வாக்குமூலம் வாங்கப் போகிறாராம். அதற்கு முன் இதை எழுதிக்கொள்ளுங்கள். கம்பி கட்டியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லாமல் இருந்தேன். இன்ஜினியர் வந்து அதைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் சின்னக் கட்டணம் போட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். என்னை மன்னித்தவள் என்ற பெயரையும் அவளே தட்டிக்கொண்டு போக நான் விட முடியாது.