ரெண்டு ஸ்டாரும் சுதர்சினிக்கு

— ரெண்டு ஸ்டார், சுதர்சினி. அஞ்சில ரெண்டு. அந்த ரெண்டும் கடைக்கில்லயாம், உனக்காம்!

— எனக்கா? வாசிங்க பாப்பம், ஃபாஹிம் நானா.

— சிரிக்காத. ஃபோனே தமிழாக்கித் தருது, கேளு. "கண்டக்குழிக் கடற்கரையில் ஃபாஹிம் ரமேன் என்று ஒரு கடை. சூப் ஒரே உப்பு. நூடுல்ஸ் ஊறிக் கூழாகிவிட்டது. முட்டை குளிர்ந்து கிடந்தது. பரிமாறிய பெண் மட்டும் நேர்மையானவள். ரமேன் மட்டும் எடுக்காதீர்கள், ஃப்ரைட் ரைஸ் எடுங்கள் என்று முதலிலேயே சொன்னாள். நாங்கள்தான் கேட்கவில்லை. இரண்டு நட்சத்திரமும் அவளுக்கு." இப்ப சொல்லு. நீ சொன்னியா இல்லையா?

— சொன்னன்.

— என்ட கடையில நிண்டுட்டு, என்ட சம்பளத்த எடுத்துட்டு, ரமேன் குடிக்க வந்த ஆள்ட ரமேன் எடுக்காதீங்கண்டு சொல்றியா?

— ஓம். அதுக்கு முந்தின நாள் வந்த வெள்ளக்காரப் பிள்ள ஒரு வாய் குடிச்சிட்டு தாயிட மடியில துப்பிச்சி. தொடச்சது நான். திரும்ப அதையே கொண்டு போய் இன்னொருத்தருக்கு முன்னால வைக்க எனக்குக் கை வரல்ல.

— வெள்ளக்காரனுக்கு ரமேனப் பத்தி என்ன தெரியும்? கைட் சர்ஃபிங்ண்டு பட்டத்தப் புடிச்சிட்டுக் கடல்ல பாய வாற ஆக்கள். ஜப்பான்ல எண்டா சூப்பு நாக்கப் புடிச்சி இழுக்கணும். அதுதான் ருசி.

— இத எழுதினது வெள்ளக்காரர் இல்ல, நானா. பேர வாசிங்க.

— இ... இஷிகாவா.

— ஜப்பான்காரர். பொஞ்சாதியோட வந்தவர். பக்கத்து லொட்ஜிலதான் நிக்கிறார்.

— அப்ப ஜப்பான்ல அவன் வேற பக்கத்து ஆளா ஈக்கும். ஊருக்கு ஊர் ருசி மாறும்.

— அவர் அந்தச் சூப்ப வாயில வெச்சிட்டு என்னப் பாத்தார், நானா. கோவமில்ல. வீட்டில யாரோ செத்துப் போன மாதிரி ஒரு பார்வ.

— ராத்தா! உம்மு குல்சூம் ராத்தா! அந்த அடுப்ப விட்டுட்டுக் கொஞ்சம் வெளிய வாங்க!

— என்னடா தம்பி, நோம்பு நேரத்தில இந்தக் கத்துக் கத்துற? கடல்ல ஆள் போயிட்டுண்டு லொட்ஜ் ஆக்கள் ஓடி வரப் போறாங்க.

— உங்கட கைப்பக்குவத்த உலகம் முழுக்க எழுதிட்டாங்க. சூப்பு உப்பாம்.

— உப்புத்தான்.

— என்ன?

— உப்புத்தான் எண்டன். சோயா உப்பு. நீ அள்ளிப் போடச் சொல்ற நெத்தலிக் கருவாடும் உப்பு. அதுக்கு மேல கல்லுப்பும் போடச் சொன்னது நீ. பின்ன என்னவா ஈக்கும், பாயாசமாவா?

— ஜப்பான்ல எண்டா மீனக் காயவெச்சித்தான் சூப்புக்குப் போடுற, ராத்தா.

— அவங்க காயவெக்கிறது உப்புப் போட்டா, போடாமலா? அதக் கேட்டியா நீ? கண்டக்குழிக் கரையில எந்த மீன் வாடியில உப்பில்லாத கருவாடு ஈக்கி, காட்டு பாப்பம்.

— ருசி பாத்துக் குறைச்சிருக்கலாமே.

— என்ட ரப்பே! நோம்புக்காரிட்ட ருசி பாக்கச் சொல்றான்.

— நுனி நாக்கில வெச்சித் துப்பினா நோம்பு முறியாதாம். சமைக்கிற ஆளுக்கு அது ஆகும்ண்டு மௌலவி பயான்ல சொன்னார்.

— மௌலவிக்கு ஆகும். என்ட மனசுக்கு ஆகல்ல. ஒரு சொட்டு தொண்டைக்கு இறங்கினா அந்த நோம்ப நீயா தருவ? உன்ட சூப்புக்காக நான் நோம்ப விட ஏலா.

— நான் நோம்பில்லையே ராத்தா. நான் ருசி பாத்துச் சொல்றன் எண்டு முதல் நோம்பண்டே கேட்டன். நானாதான் வேணாம் எண்டார்.

— பின்ன? காசு குடுத்து வாற ஆள்ட சட்டிக்குள்ள, பரிமாற நிக்கிற ஆள் கரண்டி போடுறதா? கடைக்கு ஒரு ஒழுங்கு ஈக்கி.

— நல்ல ஒழுங்கு! நோம்பு வந்த நாளில இருந்து இந்தக் கடையில ஒருத்தர்ட வாயிலும் படாத சாப்பாட்டத்தான் நான் தூக்கிட்டுப் போறன். மேசையில இருக்கிற மனுசர்தான் முதல் ருசி பாக்கிறார். அவர்ட முகம் சுருங்கும்போது முன்னால நிக்கிறது நான். நீங்க கெஷியர் மேசைக்குப் பின்னால குனிஞ்சிட்டு இருக்கிறீங்க.

— சரி, உப்பு நோம்பால. அந்த நூடுல்ஸ் கூழானதும் நோம்பாலயா, ராத்தா?

— டேய், அது விடியவே அவிச்சி வெக்கிறன். பின்னேரம் அடுப்படியில நிக்க எனக்குத் தல சுத்துது. இடியப்பம் காலையில அவிச்சா ராவைக்கும் நல்லாத்தானே ஈக்கி? அது மாதிரிண்டு நினைச்சன். நீயும் ஒண்டும் சொல்லல்லயே.

— சரி, கதைய நீட்ட வேணாம். சுதர்சினி, ரெண்டு வேல ஈக்கி. முதல்ல லொட்ஜுக்குப் போய் அந்த ஜப்பான்காரன்ட சொல்லி இத அழிக்கச் சொல்லு. எனக்குக் கடைக்காரரோட ஒரு கோவம், அதால பொய் சொல்லிட்டன்ண்டு சொல்லு.

— மாட்டன்.

— ரெண்டாவது, நோம்பு துறந்த கையோட கொழும்பிலருந்து நப்லா டீச்சர்ட குடும்பம் வருது. வேன் நிறைய ஆள். ரமேன் குடிக்கத்தான் வாறாங்க. சிரிச்ச முகத்தோட நிண்டு, சூப்பு நல்லம்ண்டு சொல்லு.

— அதுவும் மாட்டன்.

— அப்ப ஏப்ரனக் கழட்டி வெச்சிட்டுப் போ.

— ஃபாஹிம்! நோம்பு வாயால என்ன கதைக்கிற?

— நீங்க இடையில வராதீங்க ராத்தா. இந்த சீசனும் இப்படிப் போனா கடைய மூடத்தான் வேணும். எனக்கு எதிரா நிக்கிற ஆள எனக்குத் தேவல்ல.

— விளங்கிட்டு, நானா. இந்தாங்க ஏப்ரன். எங்கட ஊர் உடப்பில வீட்டு அடுப்பு என்ட சம்பளத்திலதான் எரியுது. அது உங்களுக்கும் தெரியும். அது தெரிஞ்சிட்டுத்தான் சொல்றன், மாட்டன். உள்ளதச் சொன்னதுக்கு வேல போகுதெண்டா போகட்டும். ஊர்க் கரையில மீன் பிரிச்சாவது சாப்புடுவன்.

— அவள் போனா நானும் கரண்டிய வெச்சிட்டுப் போறன், தம்பி. பிறகு நீயே கிண்டி நீயே குடி.

— வேணாம் ராத்தா, எனக்காக நீங்க போக வேணாம். ஆனா நானா, போறதுக்கு முந்தி ஒண்டு கேக்கிறன். இந்தச் சூப்ப நீங்க குடிச்சிக் காட்டுங்க. ஒரு கோப்ப, முழுசா. குடிச்சிட்டு என்ட முகத்தப் பாத்து நல்லாருக்கு எண்டு உள்ளதச் சொல்லுங்க. சொன்னா நானே லொட்ஜுக்குப் போய் அந்த மனுசர்ட காலப் புடிச்சி அழிப்பிக்கிறன்.

— நான் நோம்பு.

— பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம்தானே. நிக்கிறன்.

— அவள் கேக்கிறது ஞாயம். நானும் பாக்கணும்.

— நீங்க என்னத்தப் பாக்கப் போறீங்க ராத்தா? நோம்பில்லாத மாசமெல்லாம் ருசி பாத்துத்தானே சமைச்சீங்க? அப்ப நல்லாத்தானே ஈந்திச்சி?

— நல்லாவா? எனக்கு ஒரு நாளும் புடிக்கல்ல.

— புடிக்கல்லயா? அப்ப ஏன் வாயத் தொறக்கல்ல?

— ஆறு வருஷம் ஜப்பான்ல இருந்துட்டு வந்தவன் நீ. அவங்கட நாக்கு எப்படிண்டு எனக்கு என்ன தெரியும்? இதுதான் ஜப்பான் ருசிண்டு நீ சொன்ன. சரி, பாவங்கள், அந்த நாட்டில பொறந்துட்டாங்க, இதத்தான் குடிக்கணும்ண்டு நினைச்சிட்டுக் கிண்டினன்.

— சிரிக்காத சுதர்சினி!

— வேல போன ஆள் சிரிச்சா என்ன, அழுதா என்ன, நானா?

— உனக்கு லேசு. ஒரு கோப்பயத் தூக்கிட்டுப் போய் வெக்கிறதும் எடுக்கிறதும்தான் உன்ட வேல. பலகையில ஈக்கிறது என்ட பேர். ரோட்டில போற வாற ஆளெல்லாம் அந்தப் பேரத்தான் வாசிக்கிற.

— அதத்தான் நானும் சொல்றன். உங்கட பேர் போட்ட சாப்பாட்ட நீங்க ஒருக்காவாவது வாயில வெச்சிப் பாருங்க.

— கடலப் பாருங்க ரெண்டு பேரும். பொழுது இறங்கிட்டு. பட்டம் ஓடுற ஆக்களும் கரைக்கு வாறாங்க. தம்பி, சண்டைய வெச்சிட்டு இந்தப் பக்கம் வந்து இரி. ஈச்சம்பழத்த எடு.

— நான் கோப்பயக் கொண்டாறன் ராத்தா.

— கொண்டா, கொண்டா. எனக்கென்ன பயமா?

— பாங்கு கேக்குது. பிஸ்மில்லாஹ். தம்பி, தண்ணியக் குடி. முதல்ல கஞ்சியக் குடி, வெறும் வயிறு.

— கஞ்சி பிறகு. இங்க வை சுதர்சினி.

— இந்தாங்க. நூடுல்ஸ், முட்ட, எல்லாம் போட்டிருக்கு. வாற ஆக்களுக்கு வைக்கிற மாதிரியே.

— நல்லாப் பாருங்க ரெண்டு பேரும். இப்பக் குடிக்கிறன்.

— பாக்கிறம்.

— என்னடா? முழுங்கு. கன்னத்துக்குள்ள வெச்சிட்டு ஈக்காத.

— எப்படி, நானா?

— உப்பு... கொஞ்சம்.

— கொஞ்சமா?

— ராத்தா, அந்தத் தண்ணியத் தாங்க.

— குடிச்சிட்டுச் சொல்லுங்க. ஜப்பான்ல நீங்க குடிச்ச சூப்பு இதுதானா? அங்கத்த ருசி இதுதானா?

— தெரியா.

— தெரியாதா?

— தெரியா எண்டா தெரியா! நான் குடிச்சதில்ல!

— எதடா குடிச்சதில்ல?

— ரமேன், ராத்தா. ஒரு நாளும் குடிச்சதில்ல. ஒரு கரண்டி கூட.

— என்ட ரப்பே. ஆறு வருஷம் ஜப்பான்ல ரமேன் கடையில நிண்டன்ண்டு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே!

— கடைக்குள்ள இல்ல, கடைக்கு வெளியில நிண்டன். நான் கழட்டினது பழைய கார். அந்தப் பழைய கார் யாட்டுக்கு எதிர்ல ரமேன் கடை. சூப்பு பண்டி எலும்பில. நான் எப்படி உள்ள போற? வேல முடிஞ்சி வரும்போது பனியில நிண்டு பாப்பன். கண்ணாடி முழுக்க ஆவி. உள்ள ஆக்கள் கோப்பயத் தூக்கிக் குடிப்பாங்க. குடிச்சிட்டுக் கீழ வெக்கும்போது ஒரு முகம் வரும் ராத்தா. நாள் முழுக்க இரும்பு தூக்கின ஆள், முதலாளிட்ட ஏச்சு வாங்கின ஆள், எல்லாருக்கும் அதே முகம்தான். வீட்டுக்கு வந்து சேந்துட்ட மாதிரி. நான் ரூமுக்குப் போய் பாணும் டின்மீனும் சாப்புடுவன். அந்த முகத்த நினைச்சிட்டே சாப்புடுவன். ஊருக்குப் போனா, ஆக்களுக்கு அந்த முகம் வாற மாதிரி ஹலாலா ஒரு கடை போடணும்ண்டு அப்பவே முடிவெடுத்தன். மத்ததெல்லாம் வீடியோவில பாத்தது.

— அந்த முகம் இங்க யாருக்காவது வந்துதா, நானா?

— வரல்ல. ஒருத்தருக்கும் வரல்ல. நான் ஏன் கெஷியர் மேசையில குனிஞ்சிட்டு ஈக்கிறன்ண்டு நினைக்கிற? ஆக்கள்ட முகத்தப் பாக்க எனக்கு ஏலா.

— அப்ப இவ்வளவு நாளும் நான் என்னத்தடா சமைச்சிட்டு ஈந்தன்?

— எனக்கும் தெரியா, ராத்தா.

— வேன் வந்து நிக்குது. கொழும்பு நம்பர்.

— பிள்ளகுட்டியெல்லாம் இறங்குதே. பாவம், வழியில ஈச்சம்பழமும் தண்ணியும்தான் பட்டிருக்கும் வாயில.

— சுதர்சினி, ஏப்ரனப் போட்டுட்டு நீ போய்க் கதை. உனக்குத்தான் கதைக்கத் தெரியும்.

— எனக்கு இங்க வேல இல்லையே.

— ஈக்கி. நான் சொல்றன், ஈக்கி.

— நல்லா யோசிச்சிக் கூப்புடுங்க, நானா. நான் போனா, அண்டைக்குச் சொன்னதத்தான் இண்டைக்கும் சொல்லுவன். நாளைக்கும் அதத்தான். அதுக்காகத் திரும்ப என்ன வேலயிலருந்து நிப்பாட்டுறதெண்டா, இப்பவே நான் பஸ்ஸுக்குப் போறன்.

— ராத்தா, உள்ள என்ன ஈக்கி?

— கஞ்சி சட்டி நிறைய ஈக்கி. சோறு ஈக்கி, ஃப்ரைட் ரைஸ் போடலாம். பார மீன் ஈக்கி, இப்பவே பொரிக்கலாம். நாலு பேருக்கு முன்னால தல நிமிந்து வெக்கிற சாப்பாடு. உன்ட சூப்பும் ஈக்கி. அதையும் மறைக்கல்ல.

— அப்ப நான் போய்ச் சொல்லட்டா?

— நில்லு சுதர்சினி. நீ சொன்னா அந்த ரெண்டு ஸ்டாரையும் திரும்ப உனக்குத்தான் போடுவாங்க. நீ அங்க போய் கெஷியர்ல இரி. நான் போறன்.

— டேய், என்னடா சொல்லப் போற?

— அஸ்ஸலாமு அலைக்கும்! வாங்க டீச்சர், வாங்க, எல்லாரும் இரிங்க. நான்தான் ஃபாஹிம், பலகையில ஈக்கிற ஆள். கஞ்சி ஈக்கி, மீன் பொரியல் ஈக்கி, ஃப்ரைட் ரைஸ் ஈக்கி. ரமேன் மட்டும் எடுக்காதீங்க.