வக்கீல் தேடித் தந்த தங்கச்சி

செல்லூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"வீடு விக்கிறவருக்கு ஒரு தங்கச்சி இருக்குன்னு எங்க வக்கீலம்மாதான் கண்டுபிடிச்சாங்க," என்றாள் மூத்தவள்.

"அவரு சொல்லலையாக்கா?"

"சொல்லல. காதல் கல்யாணம் பண்ணிப் போனதுலருந்து பேச்சில்லையாம். அவங்க அப்பாவோட வாரிசு சர்டிபிகேட்ல அது பேரும் இருந்துச்சு. தங்கச்சி கையெழுத்து இல்லாம வாங்காதீங்கன்னுட்டாங்க. திருவாதவூர்ல தேடிப் பிடிச்சோம்."

"போட்டுச்சா?"

"வீட்டை ஒருவாட்டி பாத்துட்டுப் போடுறேன்னுச்சு. வந்து அடுப்படி ஜன்னலைத் திறந்துச்சு. 'ஸ்கூல் விட்டு அண்ணன் வருதான்னு இங்கதான் நின்னு பாப்பேன். எனக்குத் தேன்மிட்டாய் வாங்காம வராது'ன்னுச்சு. அவரு கேட்டுக்கிட்டு வாசல்லயே நின்னாரு, தாண்டி உள்ள வரவே இல்ல."

"அப்புறம்?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அது குனிஞ்சு கையெழுத்துப் போடப் போச்சு. அவரு பேனாவைப் பிடிச்சுக்கிட்டாரு. வீட்டை விக்கலம்மா, மன்னிச்சிருங்கன்னு எங்களைக் கும்பிட்டாரு."

"அய்யோ, உங்களுக்கு வீடு போச்சேக்கா!"

"போச்சு," என்று சிரித்தாள் மூத்தவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நல்லவேளை, வக்கீல் வச்சீகக்கா'ன்னு அழுதுச்சு."